பிரிக்காத கடிதங்கள்

"ஒண்ணுகூடப் பிரிக்கலையேம்மா?"

தகரப் பெட்டியைத் திறந்த ஆல்காட் ஜான்சன் கேட்டான். பிரான்ஸ் போர்முனையில், சேற்றில் குந்தியபடி அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள். அத்தனையும் ஒட்டியது ஒட்டியபடியே, நீல ரிப்பன் கட்டிப் பத்திரமாக இருந்தன.

ஏற்கெனவே அவனுக்கு மனசு கசந்திருந்தது. முதல் உலகப் போர் முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் அமெரிக்காவின் மினசோட்டா பண்ணை வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவன் அம்மா டில்டா அழவும் இல்லை, ஓடி வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள். ஏதோ பக்கத்து ஊருக்கு உப்பு வாங்கப் போய்த் திரும்பியவன் மாதிரி! மேஜையில் ஏலக்காய் ரொட்டிக்குப் பக்கத்தில் அவனுடைய கோப்பை வேறு தயாராக இருந்தது.

"நான் இருக்கேனா செத்தேனான்னு தெரிஞ்சுக்கக்கூட உனக்குத் தோணலையா?"

ஸ்வீடன் நாட்டு வழக்கப்படி சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, சாஸரில் ஊற்றிய காபியை நிதானமாக உறிஞ்சினாள் அம்மா.

"நீ ஏன்டா இங்கிலீஷ்ல எழுதின?"

தாய்மொழியான ஸ்வீடிஷில் எழுதினால் ராணுவத் தணிக்கைக்காரர்களிடம் மாதக்கணக்கில் தூங்கும் என்றான். சரி, இங்கிலீஷ் தெரியாதவள் என்ன செய்வாள் என்று கேட்டாள் அம்மா. அந்த வட்டாரத்தில் கடிதம் வந்தால் கடைக்காரர் நிஸ்ட்ரோமிடம்தான் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். பக்கத்துப் பண்ணை ஆல்மாவின் மகன் எழுதியதை அந்த மனுஷன் கடை நடுவில் நின்று ராகம் போட்டுப் படித்தாராம். 'அம்மா, உன் மடியில் படுக்கணும்போல இருக்கு' என்ற வரியைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்ததாம்.

"என் பிள்ளை எனக்கு எழுதினதை ஊரார் வாயால கேக்கணுமா? கடுதாசி வருதா, நீ இருக்கே. அது போதும் எனக்கு. எழுதினவனே வந்து படிக்கட்டும்னு வச்சிருந்தேன். ம், படி."

அவனுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்து, ஸ்வீடிஷில் சொல்லிக்கொண்டே போனான்.

முதல் கடிதத்திலேயே அம்மா சிரித்துவிட்டாள். அவனுடைய படைப்பிரிவில் இன்னொரு ஆல்காட் ஜான்சனும் இருந்தானாம், விஸ்கான்சின் ஸ்வீடிஷ்காரன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்திருப்பார்கள். வேலைக்குக் கூப்பிட்டால் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"நம்மாளுங்களுக்குப் பேருக்கு அவ்வளவு பஞ்சம். அந்தப் பையன் சௌக்கியமா?"

தெரியாது என்றான். தான் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அந்தப் பையனைப் பார்க்கவே இல்லை. கை நடுங்கியதால் அப்புறம் வீட்டுக்கும் எழுத முடியவில்லை.

"அதானே பார்த்தேன். திடீர்னு கடுதாசி நின்னுபோச்சு. அடுப்பு மூட்டக்கூட மனசு வரலை, போ. உன் கோப்பையை எடுத்து உள்ள வச்சுட்டேன்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டு, கட்டின் அடியிலிருந்து கடைசி உறையை உருவி நீட்டினாள்.

"அப்புறம் இது வந்துச்சு. மெஷின்ல அடிச்சு, முத்திரையெல்லாம் போட்டு! உனக்கு ஏதோ பெரிய உத்தியோகம் குடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். அன்னைக்குத்தான்டா எனக்கு உசிரே வந்துச்சு. கோப்பையைக் கழுவித் திரும்ப மேஜைல வச்சேன். இதுல என்ன எழுதியிருக்கே?"

ஆல்காட் உறையைக் கிழித்தான். படித்தான். தாளைக் கைக்குள் கசக்கினான். பிறகு எழுந்துபோய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டான்.

"சீக்கிரம் வந்துருவேன், காபியைச் சூடா வைன்னு எழுதியிருக்கேம்மா."

அவன் கையில் கசங்கிய தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'தங்கள் மகன் ஆல்காட் ஜான்சன் போர்முனையில் உயிர்நீத்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'