மூன்றாவது பாட்டு

செம்மொழியின் கை நடுங்கியதில் டம்ளரிலிருந்த வெந்நீர் பட்டுப்புடவையில் கொட்டியது. கச்சேரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வெளியே ஐப்பசி மழை. சம்பா நடவு முடித்த கையோடு வந்தவர்களும் சேர்ந்து, மன்னார்குடி அரங்கம் அதற்குள் நிரம்பத் தொடங்கியிருந்தது.

"இன்னிக்கு ஏதோ ஆகப்போவுது பரிதி. கச்சேரிய நிறுத்திடலாம்" என்றாள் தங்கையிடம்.

இருவரும் இருபது வருடமாகச் சேர்ந்து பாடுகிறவர்கள். அக்கா எடுத்துக் கொடுப்பாள், பரிதி பின்னால் சேர்ந்துகொள்வாள். சென்ற தை மாதம் தஞ்சாவூரில், பாட்டின் நடுவே செம்மொழிக்கு அடுத்த அடி மறந்துபோனது. எழுந்து உள்ளே போனவள் திரும்ப வரவில்லை. அதிலிருந்து மேடை என்றாலே உள்ளங்கை வியர்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது.

மனநல மருத்துவர் நஃபீசாவிடம் அவளை அழைத்துப் போனது பரிதிதான். டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. படபடப்பு வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், உடம்பு பாடத் தயாராகிறது என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். செம்மொழிக்குச் சிறு வயதிலிருந்தே மழைக்காலத்தில் இளைப்பு உண்டு. மூச்சு முட்டினால் அது இளைப்பா, பயமா என்று அவளுக்கே குழம்பும். அதற்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் பரிதி அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு வருவாள்.

இன்று எந்தப் பயிற்சியும் பலிக்கவில்லை.

பரிதி கைப்பையைத் திறந்தாள். தன் ஒற்றைத் தலைவலிக்குப் போடும் மாத்திரை ஒன்றைப் பிய்த்து அக்காவின் கையில் வைத்தாள். "போட்டுக்கக்கா. படபடப்பு, நடுக்கம் எல்லாம் நின்னுடும். பாடுறவங்க நெறைய பேரு இததான் போட்டுக்கிறாங்க."

நின்றுதான் போனது. மேடையேறும்போது செம்மொழியின் விரல்கள் அசையவில்லை. தங்கையைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். முதல் இரண்டு பாட்டுக்கும் நல்ல கைதட்டல்.

மூன்றாவது பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போனவள் மூச்சு எட்டாமல் பாதியில் குரலை இறக்கினாள். நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவது போலிருந்தது. தங்கையின் முழங்கையைப் பிடித்தாள்.

பரிதி காதருகே குனிந்தாள். "பயம்தான்க்கா. டாக்டர் சொன்னத நெனச்சுக்க. பாடு."

செம்மொழி நம்பினாள். இன்னும் நான்கு அடி பாடினாள். பிறகு உதடு நீலம் பாரித்து, மேடையிலேயே சரிந்தாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகும் கூட்டம் கலையவில்லை. விழாக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். பரிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதிக் கச்சேரியைத் தனியாகப் பாடி முடித்தாள். அரங்கமே எழுந்து நின்றது.

செம்மொழிக்கு மூச்சு சீராக இரண்டு மணி நேரம் ஆனதாம். மறுநாள் காலை தஞ்சாவூரிலிருந்து டாக்டர் நஃபீசா பார்க்க வந்தபோது, பரிதி கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

செம்மொழி ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் பயத்தை ஜெயிக்க முடியவில்லை, தப்பு தன் மேல்தான் என்றாள். தங்கையைப் பற்றிச் சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

"இவ பாவம், தன்னோட மாத்திரையக்கூட எடுத்துக் குடுத்தா டாக்டர்."

டாக்டர் அந்த மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பெயரைப் படித்தார். பிறகு பரிதியின் பக்கம் திரும்பினார்.

"இளைப்பு இருக்குறவங்களுக்கு இத குடுத்தா உயிருக்கே ஆபத்துன்னு உங்ககிட்டதானேம்மா சொல்லி அனுப்பினேன்?"