தலைமேல் உடையும் காய்

மாரப்பனுக்கு இருப்பது வலக்கண் ஒன்றே. அதற்கு அறுவை நடந்த நாளில், பார்வை திரும்பினால் தம் தலைமேல் தேங்காய் உடைப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். திரும்பியது; அச்சத்தில் ஏழாண்டு தள்ளிப்போட்டார். இப்போது பத்து நாளாக அக்கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, கரும்புழுக்கள் நீந்துகின்றன. விழித்திரை கிழிந்துவருகிறது, தலையில் சிறு அடியும் படலாகாது என்றார் மருத்துவர். அது அம்மனின் சினம் என்றே கொண்டார் மாரப்பன்.

ஈரவேட்டியோடு சன்னிதி வரிசையில் அமர்ந்தார். முதல் தலையில் காய் சிதறியது. அடுத்த தலையில் உடையவில்லை. பூசாரி மறுபடி ஓங்கி அடித்தார். குருதி புருவம் தாண்டி வழிந்தது, மஞ்சள் அப்பினார்கள்.

“எந்திரிங்க,” என்று மனைவி அங்காயி பின்னாலிருந்து தோளை இழுத்தாள். “கண்ணுக்கு வேண்டிக்கிட்டு, கண்ணையே ஒடைச்சுக்குவீங்களா? கேட்டா ஆத்தாளே சிரிப்பா.”

“சிரிச்சா பாத்துட்டுப் போறேன், விடு.”

பக்கத்துத் தலையில் காய் பிளந்தது. நீரும் குருதியும் கலந்து அவர் கன்னத்தில் தெறித்தன. அடி விழுமுன் எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள், மாரப்பன் மூடவில்லை. அம்மன் முகத்தின் ஒரு பாதியைக் கண்ணுக்குள் இறங்கிய கருந்திரை மறைத்துவிட்டது. மறுபாதியை அவர் இமையாமல் பார்த்துக்கொண்டிருக்க, பூசாரி காயை ஓங்கினார்.