வீட்டிலிருந்து பார்க்கிறார்

"இந்தக் கணக்கை ஆறு மாசமா ஏன் தடுக்காம வச்சிருக்கீங்க?" என்றார் போன வாரம் சேர்ந்த மேலாளர்.

இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டுக்கொண்டு வேறு நாட்டிலிருந்து எங்கள் நிறுவனத்தின் இணையத் தொடர்களைப் பார்ப்பவர்களைக் கண்டுபிடித்துத் தடுப்பது என் வேலை. தினம் நூறு பேரையாவது தடுப்பேன்.

"அது வீட்லேர்ந்து பாக்குறதுதான் சார்."

"இணைய முகவரி உள்ளூர்தான். ஆனா சிக்னல் ஏழு கடல் தாண்டி வர்ற மாதிரி தாமதமாகுதே. யார் வீடு?"

"என் வீடு சார். கணக்கு மனைவி பேர்ல இருக்கு."

அவர் சிரித்துவிட்டார்.

"அட, முன்னாடியே சொல்றதுக்கென்ன? தினம் சாயங்காலம் நாலு மணிக்கு டாண்ணு உக்காந்துடறாங்க, ஒரு நாள் தவறல. நாம இங்க அல்லாடுறோம். கொடுத்து வச்சவங்க!"

"ஆமா சார்."

"முதல்ல வீட்டு இணைப்பை மாத்துங்கய்யா, பாவம்."

சந்தேகப் பட்டியலிலிருந்து அந்தக் கணக்கை அவரே நீக்கினார்.

ஏழு மணிக்குப் பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டேன். வெளிநாட்டிலிருந்து மாமியார் அழைத்தார்.

"மாப்பிள்ளை, இன்னைக்கும் தொடர் தடங்கலில்லாம ஓடிச்சு. நான் பாக்கணும்னு அவ உங்க வீட்ல மாட்டி வச்ச வி.பி.என். பெட்டியக் கழட்டிடாதீங்க. அவ கண்ணை மூடினதுக்கப்புறம் எனக்கு அது ஒண்ணுதான் துணை."

"கழட்ட மாட்டேன் அத்தை."

நாளைக்கும் நாலு மணிக்கு அலுவலகத் திரையில் என் மனைவியின் பெயர் வரும். பக்கத்தில், 'வீட்டிலிருந்து பார்க்கிறார்' என்று இருக்கும்.