கோழி உட்கார்ந்த வரைபடம்

செவலைக் கோழி குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாலும் கண்ணெல்லாம் குளத்தங்கரையில்தான். அங்கே வாத்து ஊர் வரைபடத்தை விரித்து, "நீலம்னா தண்ணி, பச்சைன்னா வயல்," என்றது. கோழியின் குஞ்சுகள், "சரி சித்தி," என்று தலையாட்டின.

பெற்றவள் புழுவை வைத்துக்கொண்டு கூப்பிட்டும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அந்த வாத்து சித்தியாம்! கோழிக்கு வயிறு எரிந்தது. வாத்து நீந்தப் போனதும் ஓடிப்போய், அடைக்கு உட்காருவதுபோல் வரைபடத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"இனிமே எப்படிப் படிப்பீங்கன்னு பார்க்கிறேன்!"

குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்குள் நுழைந்தன. கோழிக்கு மனசு குளிர்ந்தது. அப்போது வயிற்றுக்கடியிலிருந்து கடைக்குட்டி கத்தியது: "அம்மா, காலை எடு. படத்துல நம்ம கூட்டை மிதிச்சுக்கிட்டிருக்கே!"

கோழி பதறிக் காலைத் தூக்கியது. "எங்கேடி? வாத்து வர்றதுக்குள்ளே எனக்கும் காட்டு."