அசையாத தண்டுவடம்

ஆஸ்பத்திரி ஸ்கேன் இயந்திரத்துக்குத் தன் கணக்கின் மேல் அபார நம்பிக்கை. முதுகுவலியோடு வந்து படுத்த அமலோற்பவம் டீச்சரின் தண்டுவடத்தை அது அளந்து பார்த்தது.

"போன தடவையைவிட மெலிஞ்சுபோயிருக்கே. ஆபரேஷன்தான்," என்றது இயந்திரம்.

"எதுக்கும் இன்னொரு தடவை அளந்துடுங்க அண்ணே," என்றது தண்டுவடம்.

மறுபடி அளந்தபோது மெலிவையே காணோம். இயந்திரத்துக்கு எரிச்சல் வந்தது. "நீ அசையறதாலதான் அளவு மாறுது. கொஞ்ச நேரம் அசையாம இருக்கமாட்டியா?"

"எனக்கு முன்னாடி இதயம் துடிக்குது, மூச்சு ஏறி இறங்குது. அதுங்க நின்னாத்தான் நான் அசையாம இருக்க முடியும்."

இயந்திரம் இரண்டு அளவையும் டாக்டருக்கு அனுப்பியது. அவர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்.

அடுத்தவர் வந்து படுத்ததும், இயந்திரம் முதலில் அவருடைய இதயத்துடிப்பைக் கவனித்துக் கேட்டது. பிறகுதான் அளக்கத் தொடங்கியது.