மாடிக்கு வந்த ஜூஸ்

"அந்த ஜூஸை இன்னியோட நிறுத்திடுங்க" என்றார் டாக்டர்.

"முடியாதுங்க டாக்டர்."

"ஏன்?"

"மாமனார் கொடுக்கறார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான் போலிருக்கிறது, குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க போடற கொலஸ்ட்ரால் மாத்திரை உடம்புல உடைஞ்சு வெளியேறணும். கிரேப்ஃப்ரூட்னு அந்தப் பம்பளிமாஸ் மாதிரிப் பழம் இருக்கே, அதோட ஜூஸ் மாத்திரையை உடைய விடாது. முழுங்கறது ஒரு மாத்திரை, ரத்தத்துல நிக்கறது பல மாத்திரை. தொடை வலி அதனாலதான். இப்படியே போனா கிட்னியையும் பதம் பார்த்துடும்."

"காலையில ஜூஸ், ராத்திரி மாத்திரைன்னு வச்சுக்கிட்டா?"

"அந்த ஜூஸோட வேலை ஒரு நாள் தாண்டியும் நிக்கும்."

"வேற மாத்திரை?"

"மத்தது எதுவும் உங்களுக்கு ஒத்துக்கலையே."

"அப்போ மாத்திரையை நிறுத்திட்டா?"

"உங்க அண்ணனுக்கு எந்த வயசுல மாரடைப்பு வந்துச்சு?"

அவன் அண்ணன் போனது, அவனுக்கு இப்போது நடக்கும் இதே வயதில்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கெட்டுப்போன லிஃப்டைச் சரிசெய்யப் படியேறித்தான் போக வேண்டும். இப்போது மூன்றாவது மாடிக்கே தொடை கெஞ்சியது.

மாமனாரோ ஓய்வு பெற்ற ஜெயிலர். சொந்த வீட்டில் மராமத்து நடப்பதால் மாமனார் வீட்டு மாடியில் வந்து தங்கியது வினையாகப் போயிற்று. கொல்லையில் ஒரு கிரேப்ஃப்ரூட் மரம், கிளை ஒடியக் காய்த்துத் தொங்கியது. தினமும் காலையில் டம்ளர் நிறைய ஜூஸோடு மாமனாரே மாடியேறி வருவார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை எதிரில் நிற்பார். காலி டம்ளரையும் அவரே கீழே கொண்டுபோவார்.

"எங்கப்பா யாருக்கும் ஒரு வாய் தண்ணி மொண்டு கொடுத்தது கிடையாது. உங்க மேல அவ்வளவு உசிரு!" என்று மனைவி பூரித்துப்போனாள்.

"டாக்டர் சொன்னதை நீயே அவர்கிட்ட சொல்லிடேன்."

"ஐயோ, எனக்குப் பயம்! கல்யாணம் பேச வந்தப்போ, உடம்பு இரும்பு மாதிரின்னு மார்தட்டினது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலை படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாமனாரை நோகடிப்பதா, அண்ணன் வழியே போவதா? உயிர்தான் பெரிது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

"மாப்பிள்ளை, ஜூஸ்."

"வேணாம் மாமா."

மாமனாரின் மீசை துடித்தது. "என்ன வேணாம்? குடிங்க!"

"மாமா... தப்பா நினைக்காதீங்க. எனக்குக் கொலஸ்ட்ரால். மாத்திரை சாப்பிடறேன். இந்த ஜூஸ் அதோட சேர்ந்தா ஆபத்தாம்."

மாமனாரின் முகம் வெளுத்தது. திரும்பிப் போய்க் கதவைத் தாழிட்டார். அடி விழப்போகிறது என்றே நினைத்தான் அவன்.

அவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். "மெதுவாப் பேசுங்க. கீழே உங்க அத்தைக்குக் கேட்டுடப் போவுது."

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை உருவிக் காட்டினார். அவன் சாப்பிடும் அதே மாத்திரை!

"எனக்கும் இதேதான் மாப்பிள்ளை. சொன்னா உங்க அத்தை எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவாளேன்னு மறைச்சு வச்சிருக்கேன். அவ வச்ச மரம். எனக்குன்னு தினம் பிழிஞ்சு கொடுத்துட்டு, டம்ளர் காலியான்னு வேற பார்ப்பா" என்ற ஜெயிலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை நம்பித்தானே மாப்பிள்ளை நான் இத்தனை நாளா உசிரோட இருந்தேன்!"