ஆறு மணி ஜன்னல்

ஜன்னலுக்குக் கீழே நின்ற இரவுராணிச் செடிக்கு அன்று காலையோடு பொறுமை போய்விட்டது.

"இன்னும் ஒரு சொட்டு ஊத்தினே, நடக்கிறதே வேற!" என்று பூவாளியைப் பார்த்துச் சீறியது. "வேரெல்லாம் அழுகுது. நான் என்ன நெல் நாத்தா, காலடியில தண்ணி கட்டி வைக்க?"

"என்மேல ஏன் எரிஞ்சு விழறே? கோமளா அம்மா சாய்க்கிறாங்க, நான் ஊத்தறேன்," என்றது பூவாளி. "தினமும் காலையில உன்னை மோந்து பார்க்கிறாங்க. வாசனையே இல்லையாம். தண்ணி போதலையோன்னு நினைக்கிறாங்க."

"காலையிலயா? கிழிஞ்சது போ! நான் மணக்கிறதே பொழுது சாஞ்ச பிறகுதான். வாரத்துக்கு ஒரு தரம் தண்ணி காட்டிட்டு, சாயங்காலம் ஜன்னல்கிட்ட வந்து நின்னாப் போதுமே!"

பொழுது சாய்ந்தது. செடி இருந்த தெம்பையெல்லாம் திரட்டி ஒரே ஒரு கொத்தை விரித்தது. வாசனை குப்பென்று கிளம்பியது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வந்தாள் கோமளா. செடி சிலிர்த்துப்போனது.

"ஆறாச்சு, கொசு வந்துடும்," என்று முணுமுணுத்து, வாசனை மேலே எட்டுமுன் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். உள்ளே போய் மல்லிகை ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தினாள்.

"அந்தச் செடியில மருந்துக்குக்கூட வாசனை இல்ல," என்றாள். "நாளையிலேருந்து ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தணும்."